ஒரு கிலோ குட்டி வீட்டுக்கு வந்தால்: கொழும்பில் டோய் இன நாய்க்குட்டி வளர்ப்பு

பொமரேனியன், சிவாவா போன்ற மிகச் சிறிய நாய் இனங்களை டோய் (toy) இனங்கள் என்பார்கள். இரண்டு மாதப் பொமரேனியன் அல்லது சிவாவாக் குட்டியின் எடை பெரும்பாலும் ஒரு கிலோவைத் தொடாது. ஒரு கிலோக் குட்டியின் உடம்பில் ஓடும் இரத்தம் முழுவதையும் சேர்த்தால் 80 முதல் 90 மில்லிலீற்றர்தான் வரும். கடையில் வாங்கும் சின்ன யோகட் கோப்பை ஒன்று கொள்ளும் அளவு. பெரிய நாய் ஒருநாள் சாப்பிடாமல் கிடந்தாலும், இரண்டு நாள் வயிற்றோட்டம் போனாலும் தாக்குப்பிடிக்கும். அதன் உடம்பில் கொழுப்பும் தசையும் இருக்கின்றன, ஈரலில் சீனிச் சேமிப்பும் இருக்கிறது. இந்தக் குட்டிக்கு அந்தக் கையிருப்பு கிடையாது. பெரிய நாய்க்கு இரண்டு நாளில் வருகிற ஆபத்து இதற்குச் சில மணித்தியாலங்களில் வந்துவிடும். ஆகவே விலையுயர்ந்த படுக்கையையும் சட்டையையும் வாங்குவதற்கு முன் குசினித் தராசு ஒன்றை வாங்குங்கள். கிராம் காட்டும் மின்னணுத் தராசு போதும்.

வாங்கும் முன்னர்

எட்டு வாரத்துக்கு முன் எந்தக் குட்டியையும் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது. டோய் இனங்களுக்குப் பத்து வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் நல்லது. "டீ கப்" என்று ஒரு இனம் இல்லை. அது விற்பவர் சூட்டும் பெயர். அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் குறை எடையோடு பிறந்த குட்டி, அல்லது ஐந்தாறு வாரத்தில் பிரிக்கப்பட்டதால் சிறியதாகத் தெரியும் குட்டி. உள்ளங்கையில் அடங்குகிறதே என்று ஆசைப்பட்டு அதிக பணம் கொடுக்காதீர்கள்.

தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். ஊசி மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர், திகதி, மிருக வைத்தியரின் கையொப்பமும் முத்திரையும் அதில் இருக்க வேண்டும். "ஊசி எல்லாம் போட்டாச்சு" என்று ஆறு வாரக் குட்டியைக் காட்டிச் சொன்னால் அது உண்மையாக இருக்க முடியாது. அந்த வயதில் ஒரு தடவைக்கு மேல் போட்டிருக்க வழியில்லை. குட்டி இதுவரை தின்றுவந்த உணவு எது, எந்த நேரத்தில், எவ்வளவு என்பதையும் எழுதி வாங்குங்கள். முதல் வாரத்துக்கு அதே உணவுதான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு இருவரும் வேலைக்குப் போய் மாலை ஆறுக்குத்தான் கதவு திறக்கும் வீடு என்றால், நான்கு மாதத்துக்குக் குறைந்த டோய் குட்டி அந்த வீட்டுக்குச் சரிவராது. நடுப்பகல் சாப்பாட்டைக் கொடுக்க அம்மம்மாவோ பக்கத்து வீட்டு அன்ரியோ உறுதியாக இருந்தால் மட்டும் எடுங்கள்.

சீனி இறங்குதல்

முதல் மாதத்தில் மிக அஞ்ச வேண்டியது இதுதான். சாப்பாடு பிந்துவது, பயணக் களைப்பு, குளிர், வயிற்றோட்டம், பிள்ளைகள் நித்திரை கொள்ளவிடாமல் விளையாடுவது ஆகிய எதனாலும் இரத்தத்தில் சீனி இறங்கும். வாங்கி வந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் இவை எல்லாம் ஒன்றாக நடக்கும். அதனால்தான் அந்த நாட்களில் ஆபத்து அதிகம்.

முதல் அறிகுறிகள் சாதாரணமானவை போலத் தெரியும். குட்டி கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கும். எழுந்தால் பின்னங்கால் தள்ளாடும். கண் ஓரிடத்தில் நிலைகுத்தியிருக்கும். காதும் பாதமும் தொட்டால் குளிர்ந்திருக்கும். "களைத்துப்போய் நித்திரை கொள்ளுது" என்று விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. அடுத்து நடுக்கம், பிறகு வலிப்பு, பிறகு மயக்கம்.

செய்ய வேண்டியது: ஒரு தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரை ஒரு தேக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரையுங்கள். குளுக்கோஸ் இல்லாவிட்டால் தேன், அதுவும் இல்லாவிட்டால் கெட்டியான சீனித் தண்ணீர். குட்டியைப் பக்கவாட்டில் கிடத்தி, கன்னத்தின் ஓரத்தை மெல்ல விலக்கி, சுண்டுவிரல் நுனியில் எடுத்து முரசில், அதாவது பல் ஈறில், தேயுங்கள். ஒரு கிலோக் குட்டிக்கு மொத்தம் கால் தேக்கரண்டி போதும். மயங்கிக் கிடக்கும் குட்டியின் வாயில் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். வலிப்பு வந்துகொண்டிருந்தால் பற்களுக்கு நடுவே விரலை வைக்காமல் உதட்டின் உட்புறத்தில் பூசுங்கள். "சீனியில்லாத" பாணி, இனிப்பூட்டி எதுவும் வேண்டாம். அவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டோல் நாயின் சீனியை இன்னும் கீழே இறக்கிவிடும்.

பிறகு துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றுங்கள். சுடுநீர்ப் போத்தலை வைப்பதென்றால் துணியில் சுற்றி வைக்க வேண்டும், தோலில் படக்கூடாது. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் தலை தூக்கினால் ஊறவைத்த உணவைச் சிறிது கொடுங்கள். தெளிந்தாலும் தெளியாவிட்டாலும் அன்றே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். சீனி மறுபடி இறங்கும். ஏன் இறங்கியது என்பதையும் கண்டுபிடிக்க வேண்டும், குடற்புழுவோ தொற்றோ அடியில் இருக்கலாம். குளுக்கோஸ் பைக்கற் ஒன்று வீட்டிலும், ஒன்று குட்டியைத் தூக்கிப் போகும் பையிலும் எப்போதும் இருக்கட்டும். இரவில் திறந்திருக்கும் மிருக வைத்தியசாலையின் இலக்கத்தை முதல் நாளே விசாரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். காலி வீதி (Galle Road) நெரிசலில் மாட்டிக்கொண்டு தேடுவதற்கு நேரம் இருக்காது.

சாப்பாடு

காலை 6, முற்பகல் 11, மாலை 4, இரவு 10. மூன்று மாதம் வரை நான்கு வேளை, அதன்பின் ஆறு மாதம் வரை மூன்று வேளை. இரவு 10 மணிச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். விடிகாலையில்தான் சீனி கூடுதலாக இறங்கும்.

நான்கு மாதத்துக்குக் குறைந்த ஒரு கிலோக் குட்டிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி தேவை. சிறிய இனக் குட்டிகளுக்கான உலர் உணவு 100 கிராமில் பொதுவாக 380 முதல் 400 கலோரி வரும். ஆகவே நாளுக்கு 50 கிராம், வேளைக்கு 12 அல்லது 13 கிராம். பைக்கற்றில் அச்சிட்ட அட்டவணையையும் பாருங்கள், ஆனால் முடிவு சொல்வது தராசுதான். தினமும் காலை, சாப்பாட்டுக்கு முன், ஒரு கிண்ணத்தில் குட்டியை இருத்தி நிறுத்து எழுதுங்கள். வாரத்துக்கு 50 முதல் 100 கிராம் ஏறினால் சரி. ஒருநாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள். எடை இறங்கினால் வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

உலர் உணவை இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கொடுங்கள். பால் பல்லுக்கு இதமாக இருக்கும், தண்ணீரும் உள்ளே போகும். கொழும்புப் புழுக்கத்தில் ஊறிய உணவு வேகமாகப் புளிக்கும். அரை மணித்தியாலத்தில் தின்னாததை எடுத்துக் கொட்டிவிடுங்கள். எறும்பு வராமல் உணவுக் கிண்ணத்தைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் வைக்கலாம். பைக்கற்றைத் திறந்தபின் காற்றுப் புகாத ரின்னில் வையுங்கள். மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்து விற்கும் உணவை வாங்க வேண்டாம். அதன் காலாவதித் திகதியும் தெரியாது, எத்தனை நாள் ஈரக்காற்றில் திறந்து கிடந்தது என்பதும் தெரியாது.

சோறும் அவித்த கோழியும் மட்டும் கொடுத்து வளர்க்கும் வீடுகள் நிறைய. குட்டி ஆசையாகத் தின்னும், மயிரும் மினுங்கும். ஆனால் எலும்பில்லாத இறைச்சியில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் மிகக் குறைவு. உடம்பு அந்தக் குறையை எலும்பிலிருந்து எடுத்து நிரப்பும். எலும்பு மெலிந்து, கதிரையிலிருந்து ஒரு தடவை குதித்தாலே முறியும் நிலைக்கு வந்துவிடும். கோழியோ அவித்த முட்டையோ நாள் உணவில் பத்திலொரு பங்கைத் தாண்டாமல் இருக்கட்டும். உணவை மாற்றுவதென்றால் ஒரு வாரம் எடுத்து, பழையதில் புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று கலந்து கூட்டுங்கள்.

கறிச் சட்டியிலிருந்து எதுவும் வேண்டாம். நம் கறி, சம்பல், ரோல்ஸ், பற்றீஸ் எல்லாவற்றிலும் வெங்காயமோ உள்ளியோ இருக்கும். இரண்டும் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். சொக்லேட், திராட்சை, கேக்கில் போடும் முந்திரிகை வற்றல் (உலர் திராட்சை), சமைத்த எலும்பு ஆகியவையும் விலக்கு. காய்ச்சல் என்று நினைத்து பனடோல் உடைத்துக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள பரசிட்டமோல் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் தாக்கும், ஒரு கிலோ உடம்புக்கு ஒரு வில்லையே உயிருக்கு ஆபத்து. பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றோட்டம் தரும். தண்ணீர் போதும், எப்போதும் வைத்திருங்கள்.

ஊசி, பூச்சி மருந்து

தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்புச் சக்தி தடுப்பூசியையும் தடுத்துவிடும். அது எந்த வாரத்தில் வற்றும் என்பது குட்டிக்குக் குட்டி வேறு. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் வரை ஊசி போடுகிறார்கள். ஒன்றைத் தவறவிட்டால் முன்னர் போட்டதும் பயனற்றுப் போகலாம். பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்), டிஸ்டெம்பர் (மூச்சையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்), ஈரல் அழற்சி ஆகியவற்றுக்கான கூட்டு ஊசியோடு, எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் கேளுங்கள். மழைக்கு வெள்ளம் தேங்கும், எலி நடமாடும் இந்த நகரத்தில் அது தேவை. விசர்நாய் நோய்க்கான ஊசியைப் பொதுவாகப் பன்னிரண்டு வாரமளவில் போட்டு, பிறகு வைத்தியர் சொல்லும் காலத்தில் மறுபடி போட வேண்டும். மாடிவிட்டு இறங்காத நாய்க்கும் விதிவிலக்கில்லை. 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுச் சட்டப்படி உள்ளூராட்சி சபையில் ஆண்டுதோறும் பதிய வேண்டும். வெள்ளவத்தையில் இருந்தால் கொழும்பு மாநகர சபை, தெஹிவளையில் இருந்தால் தெஹிவளை–கல்கிசை மாநகர சபை.

சிறிய உடம்பில் ஒரே நாளில் பல ஊசி ஏறும்போது ஒவ்வாமை வரும் வாய்ப்பு பெரிய நாயைவிட அதிகம். போட்டபின் அரை மணித்தியாலம் வைத்தியசாலையிலேயே இருங்கள். முகம் வீங்கினாலோ, சத்தி எடுத்தாலோ, தடிப்பு வந்தாலோ உடனே காட்டலாம். சில ஊசிகளை இரண்டு வாரம் இடைவிட்டுப் போடலாமா என்றும் வைத்தியரிடம் கேட்கலாம்.

பார்வோ வைரஸ் தரையில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். உங்கள் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். செருப்பை வாசலுக்கு வெளியே கழற்றுங்கள். வைத்தியசாலையில் குட்டியைத் தரையில் விடாமல் மடியிலோ பெட்டியிலோ வைத்திருங்கள். முன்னர் வேறு நாய் நோயுற்று இறந்த வீடென்றால், தரையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிளீச்சோடு வினாகிரி கலக்கக்கூடாது, நச்சுவாயு வரும். சத்தியும் நாற்றமான நீர் வயிற்றோட்டமும் சேர்ந்து வந்தால் மறுநாள்வரை பொறுக்க வேண்டாம்.

குடற்புழு மருந்து பன்னிரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. அளவு அன்றைய எடைக்கு. கொக்கிப்புழு ஒவ்வொன்றும் குடற்சுவரில் பற்றி இரத்தம் உறிஞ்சும். குட்டியின் முழு இரத்தமும் அடங்கும் அந்த யோகட் கோப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கொக்கிப்புழுவில் ஒரு வகையின் அறிவியற் பெயரிலேயே நம் நாடு இருக்கிறது: அன்சைலோஸ்ரோமா சிலானிக்கம். இலங்கையில் பிடித்த புனுகுப்பூனை ஒன்றிலிருந்து 1911இல் விவரிக்கப்பட்டது. மனிதரையும் தொற்றும். மலத்தை உடனே அள்ளுங்கள், பிள்ளைகளைக் கைகழுவச் செய்யுங்கள்.

உண்ணியும் இதே கணக்குத்தான். நாயுண்ணி பரப்பும் பபேசியா, எர்லிக்கியா என்ற இரத்த நோய்கள் இரண்டும் இங்கே சாதாரணமாக வருபவை. முரசு வெளிறுதல், காய்ச்சல், தேநீர் நிறத்தில் சலம் போதல் என்பவை கண்டால் இரத்தப் பரிசோதனை வேண்டும். தினமும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள்: காது மடலின் உள்மடிப்பு, விரல்களுக்கு இடை, அக்குள், வாலடி. மிளகு போல் ஒன்று தட்டுப்பட்டால் கூரிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக, நிதானமாக இழுங்கள். மண்ணெண்ணெய் பூசவோ நெருப்புச் சுடவோ கூடாது.

உண்ணி மருந்து வாங்கும்போதுதான் டோய் குட்டிக்காரர் பெரும்பாலும் தவறுகிறார்கள். கழுத்தில் விடும் சொட்டு மருந்துகளும் மெல்லும் மாத்திரைகளும் பல, இரண்டு கிலோவுக்குக் குறைந்த குட்டிக்கு அனுமதிக்கப்பட்டவை அல்ல. பெரிய நாயின் மாத்திரையை நாலாக உடைத்துக் கொடுப்பது அதைவிட மோசம். பிப்ரோனில் ஸ்பிரே மட்டும் சின்னக் குட்டிக்கும் பயன்படுத்தக்கூடியது. அதையும் வைத்தியர் சொன்ன அளவில், கையுறை போட்டு, முகத்தில் படாமல் தடவுங்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளிப்பாட்ட வேண்டாம்.

தொடர்மாடி வீட்டில்

டோய் குட்டியின் முன்னங்கால் எலும்பு பென்சிலை விட மெல்லியது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே இரத்த ஓட்டமும் குறைவு. அதனால் முறிந்தால் பொருந்துவது கடினம், சத்திரசிகிச்சை வரை போகும். செற்றியிலிருந்து குதித்து முறிந்த கால்களும் கையிலிருந்து நழுவி முறிந்த கால்களுமே அதிகம். தூக்கும்போது ஒரு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, நடுவிரலை முன்னங்கால்களுக்கு இடையே விட்டு, மற்றக் கையால் பிட்டத்தைத் தாங்கி உங்கள் உடம்போடு அணையுங்கள். முன்னங்காலைப் பிடித்துத் தூக்கக்கூடாது. பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு இருந்தால்தான் குட்டியை மடியில் கொடுக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரியவர்கள் வீட்டுக்குள் காலைத் தூக்கி வைக்காமல் தரையை உரசி நடந்தால் மிதிபடாது.

மாபிளும் டைல்ஸும் வழுக்கும். வழுக்கி வழுக்கி நடக்கும் குட்டிக்கு முழங்காற் சில்லு விலகும் வாய்ப்பு கூடுகிறது. மூன்று கால் ஊன்றி ஒன்றைத் தூக்கி இரண்டடி துள்ளிவிட்டு மறுபடி சாதாரணமாக நடந்தால் அதுதான் அடையாளம். நடமாடும் பாதையில் இறப்பர் விரிப்புப் போடுங்கள். பல்கனிக் கம்பிகளுக்கு இடையே உங்கள் உள்ளங்கை புகுமானால் குட்டியும் புகும், வலை அடியுங்கள். கால்வாய் ஓரத்துத் தரைவீடென்றால் கபரக்கொய்யா (பெரிய நீருடும்பு) வரும், முற்றத்தில் தனியே விடாதீர்கள். மழை இரவில் தேரையைக் கவ்வினால் நுரை தள்ளும். உடனே ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிட்டு வைத்தியரை அழையுங்கள்.

ஒரு மீற்றர் சதுரத்தில் கம்பி அடைப்பு வைத்து, ஒரு மூலையில் படுக்கை, எதிர் மூலையில் பழைய பத்திரிகை. எழுந்தவுடன், தின்று பத்து இருபது நிமிடத்தில், விளையாடி முடிந்ததும் பத்திரிகையில் கொண்டுபோய் விடுங்கள். சலம் போனவுடன் பாராட்டுங்கள், அரை நிமிடம் பிந்தினாலே எதற்குப் பாராட்டு என்று அதற்குப் புரியாது. தவறிப் போன இடத்தை வினாகிரியும் தண்ணீரும் சமனாகக் கலந்து துடையுங்கள். பினாயில் வேண்டாம், பாதத்தில் ஒட்டி நக்கும்போது வயிற்றுக்குள் போகும். முதல் வாரம் அடைப்பை உங்கள் கட்டிலருகே வைத்தால் இரவு அழுகை பாதியாகும்.

வெயில், குளியல், வெளியே போதல்

நாய் மூச்சிரைத்து நாக்கின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை இறக்கும். கொழும்பின் ஈரக்காற்றில் அந்த ஈரம் எளிதில் ஆவியாகாது. ஷிட்சூ, பெக்கினீஸ் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கு இது இன்னும் கடினம். வெளியே போவது காலை 7 மணிக்கு முன், அல்லது பொழுது சாய்ந்தபின். ஏசி இருந்தால் 26 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள், காற்று நேரே படுக்கையில் விழக்கூடாது. கரகரத்த மூச்சு, கடும் சிவப்பு நாக்கு, பிசுபிசுத்த எச்சில் கண்டால் குழாய்த் தண்ணீரால் நனைத்து மின்விசிறிக்கு முன் வைத்து, அப்படியே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்.

பொமரேனியனை மார்ச், ஏப்ரல் வெக்கைக்கு மொட்டையடிப்பது பெரும் தவறு. அதன் இரட்டை மயிர் வெயிலையும் தடுக்கிறது. ஒட்ட வெட்டினால் சிலவற்றுக்குத் திரும்பி வளராமலே போகும். வந்த முதல் இரண்டு வாரம் குளியல் வேண்டாம், ஈரத்துணி போதும். பிறகு மாதம் ஒன்றிரண்டு தடவை, இளஞ்சூட்டு நீரில், நாய்க்குரிய ஷாம்புவால். அடிமயிர் வரை உலர்த்த வேண்டும், ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் ஆகும்வரை தெருவில் இறக்க வேண்டாம். ஆனால் வீட்டுக்குள் பூட்டியும் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் கேட்காத சத்தமும் காணாத ஆளும் பிறகு பயமாக மாறும். கையில் தூக்கிப் போய் பஸ் சத்தம், ஓட்டோ, ரயில், பாண்காரனின் இசை, குடை விரிப்பவர் எல்லாவற்றையும் காட்டுங்கள். பயந்தால் திரும்பிவிடுங்கள். கழுத்துப் பட்டியில் வார் கட்டாமல் நெஞ்சுப் பட்டி போடுங்கள். இந்த இனங்களின் மூச்சுக்குழாய் மெல்லியது, இழுபட்டால் நசுங்கி, வாத்துக் கத்துவது போன்ற இருமல் வரும்.

நான்கு மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை பால் பல் விழும். வாரம் ஒருமுறை உதட்டைத் தூக்கிப் பாருங்கள். கோரைப் பல் இருக்கும் இடத்தில் இரண்டு பல் அருகருகே நின்றால் பால் பல் விழாமல் இருக்கிறது என்று பொருள். நடுவில் உணவு தங்கிச் சீழ் பிடிக்கும், புதுப் பல்லும் கோணலாகும். ஏழு மாதமாகியும் நின்றால் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு மயக்கும்போதே அதையும் பிடுங்கிவிடும்படி வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.